விளித்து முடிப்பதற்குள் வெளுத்த விழித்திரை

என்னைப் பற்றி என் இளைய ஆய்வாளர்கள் சொல்லும் குறைகளுள் பெரும்பாலானவை உண்மை. அவற்றை நான் மறுக்கப்போவதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் விளக்கத்துக்கு உரியது. மலாக்கா நகரத்துச் சொற்போர் அரங்குகளில் கேடயம் கேடயமாக வென்ற மனிதர், ஆய்வரங்குகளில் மட்டும் தலைவரை விளிப்பதில்லை, வந்தோரை வரவேற்பதில்லை, ஒரு வணக்கம்கூடச் சொல்வதில்லை. மேடையேறியதும் முதல் படத்தைத் திரையில் காட்டிப் "பாருங்கள்" என்று சொல்லிவிடுகிறார் என்பதே அக்குறை. சென்ற மாதம் அவர்களில் ஒருத்தி, விழித்திரைப் புரதங்களின் மரபணுவை நாங்கள் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் படித்துவிடும் புதிய பொறி ஒன்றைக் காட்ட என்னை அழைத்துச் சென்றாள். பொறியைப் பார்த்து நான் வியந்து நின்றபோது, தக்க தருணம் என்று கருதி, அந்தக் கேள்வியை நேராகவே கேட்டுவிட்டாள். அவளுக்கு அங்கே விடை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த விடைக்கு ஒரு முன்னுரை வேண்டும், ஒரு நடுப்பகுதி வேண்டும், ஒரு முடிவுரை வேண்டும். ஆகவே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கிச் சொல்லலாம். சிங்கப்பூரில் வேதியியல் படித்தேன். வேதியியலைவிட அதிகமாகப் பேசினேன். மலாக்காவுக்குத் திரும்பியபோது நாட்டின் விடுதலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தெருவுக்குத் தெரு மேடை, மேடைக்கு மேடை ஒலிபெருக்கி. எந்தப் பொருளில், எந்தப் பக்கம் நின்று பேச வேண்டும் என்று மேடைப்படியில் வைத்துச் சொன்னாலும் போதும், படியேறி முடிப்பதற்குள் உரை ஆயத்தமாகிவிடும். அந்த ஊரில் என்னைவிட நன்றாகப் பேசுகிறவர் இல்லை என்று நான் நம்பினேன். இன்றும் அதை மாற்றிக்கொள்வதற்குரிய சான்று எதுவும் கிடைக்கவில்லை.

அந்நாளில் மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. ஆய்வுக்கூடம் என்றதும் கண்ணாடியும் பளிங்கும் மனக்கண்ணில் தோன்ற வேண்டாம். அது செட்டிநாட்டார் ஒருவரின் பழைய கிட்டங்கி வீடு. ஒரு காலத்தில் அவர்களுடைய சரக்கு கிடந்த இடம். முன்கட்டில் மேசைகளும் குடுவைகளும். முற்றத்தில் தவளைப் பெட்டி. பின்கட்டில் சன்னலே இல்லாத, ஒரே கதவுள்ள ஒரு சாமான் அறை. அந்தச் சாமான் அறைக்காகவே டாக்டர் அம்பலவாணர் அந்த வீட்டைப் பிடித்திருந்தார். கதவைச் சாத்தினால் உள்ளங்கையை மூக்கருகே வைத்தாலும் தெரியாத இருட்டு. மலாக்கா முழுவதும் தேடி அவருக்குக் கிடைத்த ஒரே உண்மையான இருட்டு அதுதானாம்.

டாக்டர் யாழ்ப்பாணத்தவர். ஒல்லியான உருவம், வெள்ளைக் கால்சட்டை, ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம். வேலைக்கு விண்ணப்பித்து அவர் முன் போய் நின்றபோது எவரையும் 'ஐசே' என்றே விளிக்கும் அவர் கேட்டது என் பட்டத்தைப் பற்றி அன்று.

"ஐசே, உமக்கு வாயை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்கேலும்?"

பேசாமையின் சிறப்பு என்னும் பொருளில் விரிவாக விடை சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினார். என்னைத் தவிர எவரும் விண்ணப்பிக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

அவர் ஆராய்ந்தது விழித்திரையை. கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஏடு அது. இருட்டில் இருந்த கண்ணின் விழித்திரையில் ரோசா நிறத்தில் ஒரு பொருள் ஊறியிருக்கும். ஒளி பட்டால் அது மஞ்சளாகும், பிறகு வெளுக்கும். அந்த வெளுப்பே பார்வையின் முதல் செயல். இருட்டில் விட்டால் நிறம் திரும்ப ஊறும். தோட்டப்புறங்களில் அந்தி மயங்கியதும் கண் தெரியாமல் சுவரைத் தடவும் பிள்ளைகள் அன்று பலர். அந்தப் பிள்ளைகளின் கண்ணில் இந்த நிறம் ஏன் ஊறவில்லை, எந்த உணவு அதை ஊறச் செய்யும் என்பதே டாக்டரின் கேள்வி. பிற்காலத்தில் அந்நிறப் பொருளின் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்வதில் என் வாழ்நாளே கழிந்தது. நான் முதன்முதலில் அதைப் பார்த்தது அந்தச் சாமான் அறையில், புக்கிட் காதில் வயலில் பிடித்த ஒரு தவளையின் கண்ணில்.

செய்முறையைச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் ஒவ்வொரு படியிலும் நான் ஒருமுறையாவது இடறியிருக்கிறேன். வெள்ளை ஒளி விழித்திரைக்குப் பகை. மங்கிய சிவப்பு ஒளி அதற்குப் பெரிய தீங்கு செய்யாது. ஆகவே வேலையெல்லாம் சிவப்பு விளக்கில். நம் கண்ணும் அந்த மங்கலுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதால், அறைக்குள் போவதற்கு முன் நெடுநேரம் சிவப்புக் கண்ணாடி அணிந்து திரிய வேண்டும். டாக்டர் அதை அணிந்தபடியே சைக்கிளில் காஜா பேராங் முழுவதும் சுற்றுவார். கண்நோய் வந்தவர் என்று எண்ணி ஒதுங்கியவர்கள் உண்டு; அவர் கண் மருத்துவம் பார்ப்பவர் என்று தெரிந்ததும் இன்னும் தள்ளி ஒதுங்கினார்கள்.

சிவப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும். இந்த உண்மையை நான் நூலில் படித்திருந்தேன். ஆயினும் அதைக் கற்றது சாப்பாட்டுக் கடையில். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கண்ணாடியைக் கழற்றாமல் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு வாங்கி அமர்ந்தேன். இலை ஓரத்தில் தாராளமாக வைத்திருந்த தேங்காய்த் துவையலைக் கண்டு மகிழ்ந்து, ஒரு பெரிய கவளத்தை வாயில் இட்டேன். அது துவையல் அன்று, மிளகாய்ச் சம்பால். அன்று மாலை உஜோங் பாசிரில் எனக்கு ஒரு சொற்போர் இருந்தது. பொருள்: 'நாவே மனிதனின் முதல் செல்வம்'. நாவை வெளியே நீட்டியபடி அரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். என் கட்சி தோற்றது.

அறைக்குள் இன்னொரு விதி. நகர்கிறவர் தம் பெயரையும் பக்கத்தையும் சொல்லிக்கொண்டே நகர வேண்டும். கையில் கத்தியும் குடுவையும் வைத்திருப்பவர்கள் இருட்டில் மோதிக்கொள்ளாதிருக்க டாக்டர் செய்த ஏற்பாடு அது. "அம்பலவாணர், வலப்பக்கம்" என்பார் அவர். மூன்றாமவரான கிருஷ்ணன் பிள்ளை, "பிள்ளை, பெலாக்காங்" என்பார். பின்பக்கம் என்று பொருள். பிள்ளை, பல தலைமுறைகளுக்கு முன் வந்து மலாக்காவில் வேரூன்றிய தமிழ் வணிகர் வழியினரான சிட்டிகளின் காஜா பேராங் குடியிருப்பைச் சேர்ந்தவர். தவளைகளும் விளக்குகளும் அவர் பொறுப்பு. அவர்கள் வீட்டு மொழி மலாய். தமிழில் கடவுள் பெயர்களும் சில பலகாரப் பெயர்களும் தவிர அவருக்கு எதுவும் தெரியாது. நானோ முதல் நாள், "சொல்லேர் உழவன், இதோ தென்திசையினின்று மேசையை நோக்கி மெல்ல அடியெடுத்து வைத்து" என்று தொடங்கினேன். அதை முடிக்கும் முன்பே பிள்ளையின் மீது மோதிவிட்டேன்.

"பேர், பக்கம். அவ்வளவும் காணும்" என்றார் டாக்டர். 'காணும்' என்றால் அவர் ஊர்த் தமிழில் 'போதும்'.

பிள்ளைக்கு மட்டும் என் பேச்சு பிடிக்கும். ஒரு சொல்லும் விளங்காமல் எப்படிப் பிடிக்கிறது என்று மலாயில் ஒருநாள் கேட்டேன். தகரக் கூரையில் மழை பெய்தால் மழை என்ன சொல்கிறது என்றா கேட்கிறோம் என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். என் குரல் உயரும்போதெல்லாம் அவர் கைதட்டி "பாகுஸ்" என்பார். மலாயில் அது 'அருமை' என்னும் சொல். கூட்டமில்லாத அறையில் ஒரு மனிதனுக்கு அதுவும் பெரிது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

விடுதலைக்குச் சில மாதங்கள் இருக்கையில் வீட்டுக்காரரான செட்டியார் வந்து, வீட்டைத் திரும்பக் கேட்டார். ஊரெங்கும் விழா நடக்கப்போகிறது. விழா நடந்தால் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் சோடா விற்கும். உஜோங் பாசிரில் சோடாக் கம்பெனி வைத்திருந்த ஒருவர், புட்டிகளை அடுக்கிவைக்க இதே கிட்டங்கியைக் கேட்டிருந்தார். சூடில்லாத, சன்னலில்லாத சாமான் அறை அவருக்கும் வேண்டியிருந்தது. ஒரே இருட்டுக்கு இரண்டு பேர் போட்டி.

டாக்டர் தம் வழக்கப்படி சில சொற்களில் ஆய்வின் பயனைச் சொல்லிப் பார்த்தார். செட்டியார் நியாயமானவர்.

"டாக்டரே, தவளைக் கண்ணுல ரோசாக் கலர் இருக்குங்கிறீக. இத்தன வருசமா தவளையப் பாக்குறேன், நான் பாத்ததில்ல. எங் கண்ணுக்குக் காட்டுங்க. காட்டிட்டா வீடு உங்களுக்கே. இல்லைனா சோடாக்காரருக்குச் சொல்லிருவேன்."

நாள் குறிக்கப்பட்டது. வீடு போனால் இருட்டு போகும். இருட்டு போனால் ஆய்வு போகும். ஆய்வு போனால் நான் ஏதேனும் ஒரு தோட்ட அலுவலகத்தில் ரப்பர் பால் நிறுத்துக் கணக்கெழுத வேண்டும். ரப்பர் பால் கைதட்டாது.

செட்டியார் தம் மனைவி ஆச்சியோடு காரில் வந்தார். ஆச்சி கையில் ஒரு வெற்றிலைப் பெட்டியும் ஒரு முறுக்கு டப்பாவும். சோடாக்காரரும் தம் காரில் பின்தொடர்ந்து வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே காத்திருந்தார். முடிவு எப்படி இருக்கும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. வந்த வேகத்தில் செட்டியார் முற்றத்துத் தவளைப் பெட்டியின் மூடியைத் திறந்து, நண்பகல் வெயிலில் எல்லாத் தவளைகளையும் குசலம் விசாரித்தார். அதோடு பெட்டியில் இருந்த அத்தனை கண்களும் வெளுத்தன. அறைக்குள் முன்கூட்டியே கொண்டுபோயிருந்த தவளை ஒன்றுதான் மிஞ்சியது.

சாமான் அறையில் சிவப்பு விளக்கு. விருந்தினருக்கு இரண்டு நாற்காலி. டாக்டர் வேலை செய்வதைப் பார்ப்பது ஓர் இன்பம். கண்ணைக் குறுக்கே வெட்டி முன்பாதியை நீக்குவார். பின்பாதி ஒரு சின்னக் கிண்ணம்போல் நிற்கும். உப்புநீரில் அதை மெல்ல அசைத்து, இடுக்கியால் விழித்திரையை உரித்தெடுப்பார். ஈரத் தாளை மேசையிலிருந்து கிழியாமல் எடுப்பது போன்ற வேலை. உரித்தபின் அந்தக் கருநிறக் கிண்ணத்தையும் எறியமாட்டார். ஈரப் பஞ்சில் வைத்துவிடுவார். எடுத்ததை எறியாதையும் என்பது அவர் எங்களுக்குச் சொல்லிவைத்திருந்த விதி. அதைக் கஞ்சத்தனம் என்றே நான் எண்ணியிருந்தேன்.

இரண்டு கண்களின் திரைகளும் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில். மேலே கறுப்புத் துணி. சிவப்பு விளக்கில் அவற்றின் நிறம் தெரியாது என்பதால், காட்டும் கணத்தில் மட்டும் வெள்ளை விளக்கைப் போட வேண்டும். காட்டும் பொறுப்பு எனக்கு.

"உமக்கு ஒரே ஒரு சொல். பிள்ளை லைட்டைப் போடுவார். துணியை எடும். 'பாருங்கோ' எண்டு சொல்லும். தள்ளி நில்லும்."

என் நிலையை வாசகர் எண்ணிப்பார்க்க வேண்டும். விருந்தினர் இருக்கிறார்கள், பொருள் பெரிது, கையில் மூடிய கிண்ணம், நான் நிற்கிறேன். உலகில் எந்தப் பேச்சாளன் அந்த இடத்தில் ஒற்றைச் சொல்லோடு நிறுத்துவான்? வெள்ளை விளக்கு எரிந்தது. முகத்தில் ஒளி விழுந்ததும் தோள்கள் தாமாகவே நிமிர்ந்தன. வலக்கையால் துணியை விசிறி எடுத்தேன். அது மிக அழகாக அமைந்தது. பிறகு, எந்த மேடையிலும் எவரும் விட்டுவிடக் கூடாத முறைப்படி, அவையை விளிக்கத் தொடங்கினேன்.

"கடல் கடந்து வந்து இக்காஜா பேராங் மண்ணில் கொடைக்கொடி நாட்டி, இன்று இவ்வெளிய அவைக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய செட்டியார் அவர்களே..."

செட்டியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து, யாழ் மண் தந்த ஆய்வுச் செம்மலாகிய டாக்டரை விளித்தேன். அவருக்கு மூன்று அடைமொழி. அடுத்து, ஒளியின் காவலராகிய பிள்ளையை; அவர் தம் பெயரைக் கேட்டதும் "பாகுஸ்" என்று கைதட்டினார். அடுத்து, வாசலில் காத்திருக்கும் சோடாத் தொழிலதிபரை. மாற்றுக்கட்சியை விட்டுவிடுவது பண்பன்று. டாக்டர் ஆச்சியின் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே, வெற்றிலைப் பெட்டி வழிமறிக்க, சிக்கிக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தும் வழக்கம் அவருக்கு இல்லை. "ஐசே" என்றார். சற்றுப் பொறுத்து மீண்டும் "ஐசே" என்றார். அவ்வளவு சொற்சிக்கனமுள்ளவரே உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நான் ஊக்கம் பெற்றேன். இறுதியாக, பிறந்த மண்ணையும் புகுந்த மண்ணையும் விடுதலை பெறப்போகும் திருநாட்டையும் விளித்து, கிண்ணத்தை முன்னே நீட்டி, "பாருங்கள்" என்று முடித்தேன்.

விளிப்பில் ஒரு குறையும் இல்லை. அதை அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் விழித்திரைக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

ஆச்சி குனிந்து பார்த்தார்.

"கஞ்சித் தண்ணியில கெடக்குற பருக்கை மாதிரில்ல இருக்கு."

செட்டியார் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார், துடைக்காமலும் பார்த்தார். எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். வாசலில் சோடாக்காரர் காரின் ஹாரனை ஒருமுறை அடித்தார், எப்படித்தான் தெரிந்ததோ.

அப்போதுதான் டாக்டர் வெற்றிலைப் பெட்டியைத் தாண்டினார்.

"ஒருதரும் எழும்பாதையுங்கோ. நிறம் செத்துப்போகேல்லை. இருட்டிலை விட்டால் திரும்பும். கதவு திறக்கேலாது."

சிவப்பு விளக்கைப் போடச் சொல்லி, பஞ்சிலிருந்த கருநிறக் கிண்ணங்களை எடுத்தார். வெளுத்த திரைகளை ஒவ்வொன்றாக, உரித்த இடத்திலேயே பரப்பி வைத்தார். நிறம் ஊறுவதற்கு வேண்டிய சத்து அந்தக் கறுப்புப் படுக்கையில் இருக்கிறது; தாயின் மடிக்குப் பிள்ளையைத் திருப்பித் தருவது போன்றது அது. பிறகு அவற்றைப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு, துணியால் மூடி, என் இரண்டு கைகளிலும் கொடுத்தார். கையை ஆட்டாமல் இருக்கவே அப்படிக் கொடுத்தார் என்பது தெளிவு. சிவப்பு விளக்கையும் அணைக்கச் சொன்னார்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று செட்டியார் இருட்டில் கேட்டார். ஒரு திரைப்படத்தின் பாதி என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். நாற்காலி நகரும் ஓசை கேட்டது. கதவு திறந்தால் எல்லாம் முடிந்தது. டாக்டரின் மூச்சு என் காதருகே வந்தது.

"இப்ப கதையும்."

என் வாழ்வில் அதைப் போன்ற அழைப்பு எனக்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மீண்டும் தொடங்கினேன்: "பெருமதிப்புக்குரிய செட்டியார் அவர்களே..."

"ஏந் தம்பி." இருட்டில் ஆச்சியின் குரல். "முன்ன எல்லாரையும் கூப்பிட்டீக. அவுகளக் கூப்பிட்டீக, டாக்டரக் கூப்பிட்டீக, வாசல்ல நிக்கிற சோடாக்காரரக் கூடக் கூப்பிட்டீக. நான் இங்ஙன குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். என்னைய ஒரு வார்த்தை கூப்பிட்டீகளா?"

நான் சொல்லிழந்த தருணங்கள் வாழ்வில் இரண்டு. சம்பால் தின்றது ஒன்று, இது மற்றொன்று.

"இந்த வீடு எங்கப்பச்சி எனக்குக் குடுத்தது. எம் பேர்ல இருக்கு. இவுகளக் கேட்டுப் பாருங்க."

செட்டியார் கேட்கப்படாமலேயே இருமினார். அடைமொழிகள் அனைத்தையும் நான் வேறு முகவரிக்கு அனுப்பியிருந்தது எனக்குப் புலப்பட்டது. கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்து, மூன்றாவது முறையாகத் தொடங்கினேன்: "ஆச்சி அவர்களே."

"ம். பேசுங்க" என்றார் ஆச்சி. டப்பாவின் மூடி திறந்தது. முதல் முறுக்கு உடைந்தது.

இருட்டில் பேசுவது வேறொரு கலை என்பதை அன்று அறிந்தேன். முகம் இல்லை, ஆகவே புன்னகையால் பயனில்லை. கை இல்லை, ஆகவே வானத்தைச் சுட்ட முடியாது. எதிரே யார் விழித்திருக்கிறார், யார் உறங்குகிறார் என்று தெரியாது. ஒளியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பேசினேன், தீர்ந்தது. இருளைப் பற்றிப் பேசினேன், அதுவும் தீர்ந்தது. பிள்ளை உரிய இடங்களில் கைதட்டினார்; உரிய இடங்கள் குறைந்துகொண்டே வந்தன. செட்டியார் இருந்த பக்கத்திலிருந்து மெல்லிய குறட்டை எழுந்தது. நேரம் இன்னும் இருந்தது, பேச்சு இல்லை.

அப்போது சொற்போர் வீரனின் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். கண் பெரிதா, காது பெரிதா என்று எனக்கு நானே எதிராக வாதாடினேன். கண்ணின் பக்கம் நின்று முழங்கினேன். பிறகு ஓரடி நகர்ந்து, குரலை மாற்றி, காதின் பக்கம் நின்று என்னையே கிழித்தேன்.

"யாரது, நகந்தது?" என்றார் ஆச்சி.

இருட்டில் நகர்கிறவர் பெயரும் பக்கமும் சொல்ல வேண்டும் என்னும் விதியை விளக்கினேன். ஆச்சிக்கு அது பிடித்துப்போயிற்று. அதன்பின் கண்ணுக்காகப் பேசும்போது "தம்பி, வலப்பக்கம்" என்றும், காதுக்காகப் பேசும்போது "தம்பி, இடப்பக்கம்" என்றும் நான் சொல்லாவிட்டால் அவரே கேட்டுவிடுவார். அத்தோடு நிற்கவில்லை. கண்ணின் பக்கம் நான் பேசியபோது குறுக்கிட்டார்.

"கண்ணு கண்ணுங்கிறீக. இப்ப ஒங்களுக்கு என்னத்தத் தெரியுது? நான் முறுக்குத் திங்கிறது எப்புடித் தெரிஞ்சது?"

"காதால், ஆச்சி."

"அப்ப?"

கண்ணின் கட்சி அந்த இடத்தில் தளர்ந்துபோனது. அதன் தலைவன் நான், அதன் எதிரியும் நான். ஆயினும் எனக்கு வருத்தமாக இருந்தது. வாசலில் சோடாக்காரர் பொறுமையிழந்து ஹாரனை நீளமாக அடித்தார். "இதோ, அடுத்த சாட்சியும் காதின் பக்கமே" என்றேன். ஆச்சி சிரித்தார். ஆச்சி சிரித்ததால் பிள்ளை கைதட்டினார். என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே அவர் தட்டிய அந்தக் கைதட்டலைப் போல நெஞ்சை நிறைத்தது வேறெதுவும் இல்லை.

ஏதோ என் மணிக்கட்டைத் தொட்டது, டாக்டரின் விரல்.

"காணும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. செட்டியார் வாய் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் திரைகளை மீண்டும் உரித்து, நீர் நிறைந்த வெள்ளைக் கிண்ணத்தில் மிதக்கவிட்டு, துணியைப் போர்த்தி, என்னிடம் நீட்டினார். சிவப்பு விளக்கில் எதுவும் தெரியாது. ஊறியிருந்தால் ஊறியிருக்கும், இல்லையென்றால் அந்த அறை நாளை முதல் சோடாவுக்கு. டாக்டர் என் வாயை மட்டும் பார்த்தார்.

நான் உதடுகளைக் கடித்துக்கொண்டேன். பிள்ளை வெள்ளை விளக்கைப் போட்டார். துணியை எடுத்தேன்; விசிறவில்லை. விளித்தேனா? இல்லை. ஆச்சியின் பக்கம் கிண்ணத்தைச் சாய்த்து, "பாருங்கள்" என்றேன்.

ரோசா. முதல்முறை இருந்த அளவு அடர்த்தி இல்லை; பன்னீர் ரோசாவின் உள்ளிதழ் போல மங்கல். ஆனால் ரோசா.

ஆச்சி முறுக்கை டப்பாவில் வைத்துவிட்டார். கிண்ணத்தின் மேல் குனிந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அந்நிறம் ஓரங்களிலிருந்து மஞ்சளாகத் தொடங்கியது.

"இதா கண்ணுக்குள்ள இருக்கு?" என்றார். "எங் கண்ணுலயுமா?"

"ஓம், ஆச்சி" என்றார் டாக்டர்.

"பாக்கப் பாக்கப் போயிருது. ராத்திரி படுத்தா மறுபடி வந்துருமாக்கும்."

"ஓம்."

விளக்கின் வெளிச்சத்தில் செட்டியார் விழித்தார். கண்ணாடியைத் தேடினார்; அது துண்டுக்குள் இருந்தது. எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தபோது கிண்ணத்தில் கஞ்சிப் பருக்கை இரண்டு மிதந்தன.

"எங்க சிவப்பு?"

"நான் பாத்துட்டேன்" என்றார் ஆச்சி.

"நீ பாத்தாப் போதுமா?"

"வீடு யாருது?"

செட்டியார் துண்டை மீண்டும் தோளில் போட்டார். ஆச்சி எழுந்து, சேலையில் இருந்த முறுக்குத் தூளைத் தட்டிவிட்டு, தீர்ப்பைச் சொன்னார்.

"வீடு டாக்டருக்கு. ஆனா தம்பி, பட்டிமன்றத்துல செயிச்சது காதுதான். அதையும் சொல்லிருங்க."

கதவு திறந்தது. வாசலில் சோடாக்காரர் காரை விட்டு இறங்கி நின்றிருந்தார். செட்டியார் அவரிடம் போய் என்ன சொன்னாரோ தெரியாது, ஆனால் சொல்லி முடிப்பதற்குள் இருவரும் ஆளுக்கொரு சோடா குடித்திருந்தார்கள். கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்த டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஐசே. நல்லாக் கதைச்சனீர்." சற்றுப் பொறுத்து, "இருட்டுக்குள்ளை" என்றார்.

ஒரு வாக்கியத்தை அவர் இரண்டு மூச்சில் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வீட்டில் ஆய்வு பல்லாண்டு நடந்தது. நான் பின்னர் பல நாடுகளுக்குப் போனேன். பெரிய கூடங்களில் பணிபுரிந்தேன். அந்த ரோசா நிறப் பொருளின் புரதம் எப்படி மடிந்திருக்கிறது, ஒளி பட்டால் அதன் எந்தக் கண்ணி நிமிர்கிறது என்பதையெல்லாம் மற்றவர்களோடு சேர்ந்து கண்டேன். அவற்றை உரிய இடங்களில் உரிய நடையில் எழுதியிருக்கிறேன். அவற்றில் முறுக்கு இல்லை.

ஆகவே, இளையவர்களே, என் உரையில் வணக்கம் இல்லை என்று இனிக் குறைபட வேண்டாம். கிண்ணம் திறந்திருக்கும்போது விளிக்கக் கூடாது என்பதைக் கற்றவன் நான். ஆனால் முறையை விட்டுவிட்டேன் என்றும் எண்ண வேண்டாம். படம் காட்டுவதற்காக அரங்கின் விளக்குகளை அணைப்பார்கள் அல்லவா, அந்த இருட்டில் முதல் படம் வருவதற்கு முன் சற்றே தாமதிப்பேன். பொறி பழுதாகிவிட்டதோ என்று நீங்கள் பதறியதும் உண்டு. பொறியில் பழுதில்லை. "ஆச்சி அவர்களே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, "தம்பி, மேடைப்பக்கம்" என்று நான் நிற்கும் இடத்தையும் தெரிவித்துவிட்டு, எங்காவது முறுக்கு உடைகிறதா என்று ஒரு கணம் காது கொடுப்பேன். அதன் பிறகுதான் "பாருங்கள்" என்பேன்.